நாலு விரல் கூட்டித் தைத்த யானை

என் வீட்டில் தையல் மெசின் இருப்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். மெசின் வைத்திருக்கிற பெண்ணிடம் எதையும் கேட்கலாம் என்பது அவர்களின் எண்ணம். தலையணை உறை வரும், கிழிந்த பாடசாலைப் பை வரும், ஒரு தடவை மீன்காரரின் பெரிய குடைகூட வந்தது. எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்னை உண்மையிலேயே வதைத்தது ஒரு யானைதான். அதைக் கேட்டவள் என் சொந்த மகள்.

பாலர் பாடசாலையின் கலைவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, தாய்மாருக்கான போன் குழுவில் டீச்சரின் குரல் வந்தது.

"தாய்மார் எல்லாரும் கவனமாக் கேளுங்க. இந்த முறை வினோத உடைக்கு மிருகங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மிருகமா வரணும். கடையில வாங்கினது வேணாம், வாடகைக்கு எடுத்தது வேணாம். உங்கட கையால செஞ்சதா இரிக்கணும்."

டீச்சருக்கு வாயால் சொல்வது சுகம். அப்போது என் மேசையில் ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் உடுப்புக்கு மேலே போடுகிற ஏழு நீள ஹபாயாக்கள் வெட்டாமல் கிடந்தன. நான் மனதுக்குள் உடனே ஒரு முயலைத் தைத்து முடித்தேன். பாடசாலைச் சட்டை தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணி இருக்கிறது. இரண்டு காது, பின்னால் ஒரு பஞ்சு உருண்டை. ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும்.

"முயல் தைப்பமா மகள்?"

"ஆனை."

"பூனை? பூனை வடிவா இரிக்கும்."

"ஆனை."

"மான்?"

"உம்மா, ஆனை எண்டு சொல்றன்."

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, என் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் யானை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது அவளுடைய வாப்பாவிடமிருந்து வந்தது.

எங்களுக்கு வீடு கடற்கரையில், வயல் மேற்கே உள்ளே, இறக்காமம் பக்கம். வீடு என்னுடையது, கல்யாணத்துக்கு என் வாப்பா கட்டித் தந்தது. எங்கள் ஊர் வழமைப்படி மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். வந்தவரின் உடம்புதான் இங்கே வந்தது, மனம் இன்னும் அந்த வட்டையின் வரம்பில்தான் நிற்கிறது. வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. கதிர் முற்றத் தொடங்கினால் காட்டு யானைகளுக்கு எப்படியோ செய்தி போய்விடும். அதற்குப் பிறகு அவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, டோர்ச்சையும் யானை வெடியையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார். காலையில் அவர் திரும்பும்போது மகள் பாடசாலைக்குப் போயிருப்பாள். மகள் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் எழும்பினால் மீண்டும் புறப்படுகிற நேரம். ஒரு மாதமாக அவள் கண்டது தூங்குகிற வாப்பாவையும், ஹெல்மட் போடுகிற வாப்பாவையும் மட்டும்தான். அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போதும் அவருடைய கண் மேற்குப் பக்கமாகத்தான் இருக்கும்.

போன வருடம் இதே பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி வைத்தார்கள். விசில் ஊதியதும் எல்லாப் பிள்ளைகளும் ஓடின. என் மகள் கோட்டிலேயே நின்றாள். வாசலைப் பார்த்தபடி நின்றாள். வருவேன் என்று சொல்லியிருந்த வாப்பா வரவில்லை. அவருடைய வயலுக்கு அன்று காலைதான் கதிர் வெட்டுகிற மெசின் கிடைத்ததாம். ஓட்டம் முடிந்து மற்றப் பிள்ளைகள் பரிசு வாங்கிய பிறகும் அவள் கோட்டை விட்டு அசையவில்லை, நான் போய்த் தூக்கி வந்தேன். இந்த முறையும் அவள் மேடையில் அப்படி நின்றால் என்னால் தாங்க முடியாது. எனக்கு யானை முக்கியமே இல்லை. அவர் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அன்றைக்கு அவர் ஹெல்மட்டைக் கையில் எடுத்ததும் வழியை மறித்தேன்.

"மகள்ற கலைவிழா. காலைல ஒன்பது மணி. வட்டையில இரிந்து நேர வாங்க."

"என்ன வேஷம்?"

"ஆனை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் அங்க ராவு முழுக்க ஆனையோட மாரடிக்கிறன். நீ வீட்டுக்குள்ள ஒண்டத் தைக்கப் போறியா? ஊரில வேற மிருகம் இல்லையா?"

"அத உங்கட மகள்ட கேளுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"இன்ஷா அல்லாஹ், பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த 'பாப்பம்'களைச் சேர்த்துத் தைத்தால் வீட்டுக்குத் திரைச்சீலை போடலாம்.

யானை எப்படித் தைப்பது என்று போனில் தேடினேன். வெள்ளைக்காரப் பெண்கள் நிறையப் பேர் சொல்லித் தந்தார்கள். ஒக்டோபர் மாதத்தில் அவர்களுக்கு ஹலோவீன் என்று பேய் வேஷம் போடுகிற ஒரு நாள் இருக்கிறதாம், அதற்காகத் தாய்மார் மிருக உடுப்புத் தைக்கிறார்கள். பூனைக்குட்டியின் முதுகு போலிருந்த தடித்த துணியை எடுத்து, சிரித்துக்கொண்டே வெட்டி, சிரித்துக்கொண்டே தைத்தார்கள். தைக்கும்போது யாராவது சிரிப்பார்களா? அந்தத் துணியில் பிள்ளையை மூடினால் இங்கே கச்சான் என்கிற சுடுகாற்றில் வெந்து போகும். போனை மூடி வைத்துவிட்டு, போன மாதம் மிஞ்சியிருந்த சாம்பல் நிற ஹபாயாத் துணியை எடுத்தேன்.

இங்கேதான் என் புத்தி போன இடம். என் கை பதினைந்து வருடமாக ஹபாயாதான் வெட்டுகிறது. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. உடம்பை அளந்து, அந்த அளவுக்கு மேல் நாலு விரல் கூட்டித்தான் துணியில் கோடு போட வேண்டும். உடம்பின் வடிவம் வெளியே தெரியக் கூடாது, அதற்குத்தான் ஹபாயா. நான் அதை யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகவே போய் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மகளின் நெஞ்சை அளந்தேன், நாலு விரல் கூட்டினேன். இடுப்பை அளந்தேன், நாலு விரல். காலுக்கு நாலு விரல். போதாததற்கு, வளருகிற பிள்ளை, அடுத்த வருடமும் போடட்டும் என்று நீளத்தில் இன்னும் ஒரு சாண் விட்டேன். ஒரு யானையை அடுத்த வருடமும் யார் போடப்போகிறார்கள் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து ராத்தா வந்தாள். எங்கள் இருவரின் வீட்டுக்கும் ஒரே வளவு, நடுவில் மதில் இல்லை. அவள் வர நேரம் காலம் கிடையாது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்ன கா?"

"ஆனை."

"ஆனைக்கு ஹபாயா தைச்சிரிக்கிறியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அல்லாஹ்வே, உண்மைதான். தோளிலிருந்து நேரே கீழே விழுந்து, அடியில் விரிந்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் தொங்குகிற அசல் ஹபாயா. தும்பிக்கையைப் பார்த்தால் அது இன்னும் மோசம். அதை ஹபாயாவின் கையைத் தைப்பது போலத் தைத்து, நுனியில் பட்டி வைத்து, ஒரு அமுக்குப் பொத்தானும் போட்டிருந்தேன். எந்த ஊர் யானை தும்பிக்கைக்குப் பொத்தான் போடுகிறது?

ராத்தா சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உதவி செய்ய வந்தாள். அவளுடைய சிரிப்பைக்கூடப் பொறுக்கலாம், உதவியைத்தான் பொறுக்க முடியாது. அவள் ஹபாயாவுக்கு அலங்காரக் கல் ஒட்டுகிறவள். வெறுமையான துணியைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

"காது ரெண்டும் மொட்டையாக் கிடக்கு. தா, ரெண்டு கல் வெச்சித் தாறன்."

"ராத்தா, ஆனைக்குக் கல் வேணாம்."

"நீ சும்மா இரி. உனக்கு என்ன தெரியும்?"

நான் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் இரண்டு காதுகளிலும் பூப்பூவாகக் கல் மின்னியது. இப்போது அது கல்யாண வீட்டுக்குப் போகிற யானை. மகளுக்கு மட்டும் எல்லாமே பிடித்திருந்தது. தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடினாள், தடுக்கி விழுந்தாள், எழும்பி மறுபடியும் ஓடினாள்.

முழுவதையும் பிரித்துச் சின்னதாக்க எனக்கு நேரமில்லை. ஏழு ஹபாயாக்களில் நாலுதான் முடிந்திருந்தன. அவளை நிற்க வைத்து, இடுப்பிலும் காலிலும் துணியை மடித்து மடித்துக் குண்டூசி குத்தினேன். குண்டூசிகள் என் வாயில் இருந்தன. வாயில் குண்டூசி இருக்கும் நேரம் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைக்குக் கேள்விகள் வரும்.

"உம்மா, ஆனை ராவைக்கு மட்டுமா வரும்?"

"ம்."

"வாப்பா ஆனையப் பாக்கத்தான் போறாரா?"

"ம்."

"அசையாத மகள்" என்று சொல்ல வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போகும், ஆகவே முறைத்தேன். அவள் அசைந்துகொண்டே இன்னும் ஏதோ நீளமாகக் கேட்டாள். ஆனை, வீடு, வாப்பா என்று சில சொற்கள் காதில் விழுந்தன. என் கவனமெல்லாம் இடது காலின் மடிப்பில். அதற்கும் "ம்" என்றேன். அவள் சட்டென்று அசையாமல் நின்றாள். கேள்விகளும் நின்றன. அப்பாடா என்று நினைத்துக்கொண்டேன். மடிப்புகளைக் கையாலேயே அகல அகலமாக ஓடவிட்டுத் தைத்து முடித்தேன். அரை மணித்தியாலம் மேடையில் நிற்க அது போதும்.

கலைவிழாக் காலையில் நானும் ராத்தாவும் யானையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மண்டபத்தில் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். எங்கள் பக்கத்தில் நிற்க இடமில்லை. அவர்கள் பக்கத்தில் பாதிக் கதிரை காலி. பிள்ளை பெறுவதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று எங்கள் ஊர் வாப்பாமார் நினைக்கிறார்களோ என்னவோ. மேடைக்குப் பின்னால் மகளை விடும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"வாப்பா வந்துட்டாரா?"

"வருவார்" என்றேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு சொன்னேன்.

ஒன்பதரைக்கு முதல் மிருகம் வந்தது. அது ஒரு சிங்கம். பிடரி மயிர் காற்றில் பறந்தது, முதுகில் நேர்த்தியான ஸிப், வாலில் கம்பி வைத்த வளைவு. அதைத் தாய் கையால் தைத்தாள் என்றால் நான் மெசினைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுகிறேன். டீச்சர் கைதட்டினார். பிறகு ஆறு முயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புத்தியுள்ள தாய்மாரின் பிள்ளைகள்.

ஐந்தாவது முயலின்போது அவர் வந்தார். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. வட்டையிலிருந்து நேரே வந்திருக்கிறார். காலில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது, தலைமுடியில் ஒரு வைக்கோல். முன்வரிசை முழுக்கக் காலியாக இருந்ததால் மேடைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று கிழமையாக ஏசியதெல்லாம் கரைந்து போனது. ராத்தாவின் கையைப் பிடித்து, "வந்துட்டார், பாருங்க" என்றேன்.

"ஓம், வந்துட்டார்தான்" என்றாள் ராத்தா. "வடிவாப் பாரு."

பார்த்தேன். அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே அவர் தூங்கிவிட்டார்.

நான் போனில் அழைத்தேன். இரவெல்லாம் போன் வெளிச்சத்தில் வரம்பு பார்த்த மனிதர், அந்தப் போனில் எங்கே உயிர் இருக்கும்? எழுந்து போய்த் தட்டி எழுப்பலாம். நடுவில் ஒரு கயிறுகூட இல்லை. ஆனால் அத்தனை பேர் பார்க்க நடு மண்டபத்தைக் கடந்து ஆண்கள் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை, அவர் என் சொந்தப் புருஷன் என்றாலும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வராமலே இருந்திருக்கலாம். வந்து, முன்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேரே தூங்குவதற்கா வந்தார்?

"அடுத்ததாக, யானை" என்றார் டீச்சர்.

மகள் மேடைக்கு வந்தாள். காதுக் கல் வெளிச்சத்தில் பளபளத்தது, பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே முன்வரிசையைப் பார்த்தாள். வாப்பாவைக் கண்டாள். அவள் தினமும் காண்கிற அதே வாப்பாவைத்தான் கண்டாள். சொல்லிக் கொடுத்த இரண்டு வரியும் அவளுடைய வாயிலிருந்து வரவில்லை. போன வருடம் போலவே நின்றாள். டீச்சர் மெதுவாக எடுத்துக் கொடுத்தார், "நான்தான் யானை..." அவள் அசையவில்லை. நான் ராத்தாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவள் நடக்கத் தொடங்கினாள். மேடையின் படியை நோக்கி நடந்தாள். இரண்டாவது அடியில் என் தையல் விட்டது. இடுப்பு மடிப்பு அவிழ்ந்து, கால் மடிப்பு அவிழ்ந்து, நாலு விரலும் ஒரு சாணும் மொத்தமாகக் கீழே சரிந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவள் விழவில்லை. மழைத் தண்ணீர் நிற்கிற தெருவைக் கடக்கும்போது நான் ஹபாயாவைப் பிடிப்பது போலவே, இரண்டு கையாலும் யானையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கினாள். நேரே போய் அவர் முன்னால் நின்றாள். தும்பிக்கையைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மூக்குக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு யானை.

"ஏஏய்! வந்துட்டு! எழும்புங்கடா, ஓட்டுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். கை இடுப்பில் டோர்ச்சைத் தேடியது. கதிரை பின்னால் விழுந்தது. மண்டபமே வெடித்துச் சிரித்தது. சிங்கத்தின் தாய்கூடச் சிரித்தாள். நான் தலைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

சிரிப்புக்கு நடுவே மகளின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை, ஆனால் டீச்சர் மைக்கைக் கையில் பிடித்தபடியே அவளுக்குப் பின்னால் ஓடி வந்திருந்தார், அந்த மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

"ஓட்டாதீங்க வாப்பா. நான்தான் ஆனை. நான் நம்மட வீட்டதான் இரிக்கப் போறன். ஆனை வீட்ட இரிந்தா உங்களுக்கு வட்டைக்குப் போகத் தேவல்லதானே? உம்மாட்டக் கேட்டன். உம்மா ஓம் எண்டு சொன்னா."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அவர் அவளைத் தூக்கினார். அவருடைய முகம் தெரியவில்லை, கல் வைத்த காது மறைத்துக்கொண்டிருந்தது. சிங்கத்துக்கு முதல் பரிசு கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து யானையைக் கழற்று என்றால் மாட்டாள். சோறு தின்னவும் யானையாகவே தின்றாள், தும்பிக்கையில் பருப்பு. அஸருக்குப் பிறகு அவர் வழமை போல மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார். வளவின் வாசலில் நடுவாக, துணியெல்லாம் பரப்பிக்கொண்டு யானை உட்கார்ந்திருந்தது. நான் ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டு போனேன். கதிர் முற்றிப் போய்க் கிடக்கிறது, இதென்ன விளையாட்டு என்று கேட்கத்தான் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போனை எடுத்து, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற பக்கத்து வயல்காரரை அழைத்தார்.

"காக்கா, இண்டைக்கு மட்டும் எண்ட பக்கத்தையும் ஒருக்காப் பாத்துக்கங்க. வர ஏலாமப் போச்சு. இஞ்ச வீட்ட ஒரு ஆனை புகுந்துட்டு."

மறுநாள் காலையில் அந்தக் காக்கா அழைத்தார். மேற்கு மூலையில் இரண்டு யானைகள் இறங்கியிருந்தன. தனி ஆளாக அவர் கத்தியும் வெடி போட்டும் மற்றப் பக்கத்தைத்தான் காப்பாற்ற முடிந்ததாம். இவர் போய்ப் பார்த்துவிட்டு மதியம் திரும்பினார். என்னிடம் மட்டும், "மூலையில ஒண்டும் இல்ல புள்ள" என்றார். உழுததிலிருந்து அந்த மூலைக்கு அவர் நடந்த நடை எனக்குத் தெரியும். நான் மெசினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அப்போது மகள் பாடசாலையிலிருந்து ஓடி வந்தாள். அவர் விழித்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்று கேட்டாள்.

"வாப்பா, ராவு வட்டைக்கு ஆனை வந்திச்சா?"

"இல்ல மகள்" என்றார் அவர். "ஆனைதான் நம்மட வீட்ட இரிந்திச்சே, மறுகா எப்படி அங்க வரும்?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. ஏழாவது ஹபாயாவின் கையை வெட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் அதே சாம்பல் நிறத் துணி. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக நாலு விரல் கூட்ட மறந்து வெட்டிவிட்டேன். அதைச் சரிக்கட்ட யானையின் காலிலிருந்துதான் துணி எடுக்க வேண்டியிருந்தது.